கொண்டுபோய் விட்டால் பாவமில்லையா?

பூனையைக் கொல்வது பெரும் பாவம் என்று தமிழர் வீடுகளில் பெரியவர்கள் சொல்வதுண்டு. அந்தச் சொல்லுக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது. அடுப்படியில் புகுந்து மீனைத் தூக்கிச் சென்ற பூனையைத் துரத்துவார்கள், திட்டுவார்கள். அடித்துக் கொல்லத் துணிபவர் மிகச் சிலரே.

ஆனால் அதே வீட்டுப் பரணில் பூனை குட்டி போட்டுவிட்டால் என்ன நடக்கிறது? கண் திறந்தும் திறவாத குட்டிகள் ஒரு கோணிப்பைக்குள் போகின்றன. சந்தை ஓரத்திலோ, ரயில் பாதைக்கு அப்பாலோ, ஆளில்லாத கட்டடத்திலோ பை அவிழ்க்கப்படுகிறது. கொண்டுபோய் விட்டவர் நிம்மதியாக வேலைக்குப் போகிறார். கொன்றால்தான் பாவம், கொண்டுபோய் விட்டால் பாவமில்லை என்பது அவருடைய கணக்கு.

இந்தக் கணக்கு தவறானது. தாயைப் பிரிந்த பால்குடிக் குட்டி குளிரிலும் பசியிலும் சாகும். நாயிடமும் காக்கையிடமும் சிக்கும். கையால் செய்யாத கொலையைப் பசி செய்து முடிக்கிறது, அவ்வளவுதான். அதில் ஒன்றிரண்டு தப்பிப் பிழைத்தால் அவை மனிதனைக் கண்டால் சீறும் பூனைகளாகின்றன. பிறகு, "காட்டுப் பூனைத் தொல்லை" என்று அதே தெருவார் புகார் சொல்கிறார்கள்.

வீட்டுப் பூனையின் பேரப்பிள்ளை

கோலார் தங்கவயலில் இந்தக் கேள்விக்குத் தனி அழுத்தம் உண்டு. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே காலூன்றிய பிறகு, தமிழ் மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்த தொழிலாளர்கள் லைன் வீடுகளில் குடியேறினார்கள். 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இறங்கித் தங்கம் எடுத்தார்கள். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. பிழைப்பு பெங்களூருக்குப் போயிற்று. மாரிக்குப்பத்திலிருந்து ரயிலேறி நாள்தோறும் போய் வருபவர்கள் உண்டு. வீட்டைக் காலி செய்துகொண்டு அங்கேயே போய்விட்டவர்களும் உண்டு.

வீட்டைக் காலி செய்யும்போது கட்டில், பீரோ, அண்டா, அம்மிக்கல் எல்லாம் வண்டியில் ஏறுகின்றன. பூனை ஏறுவதில்லை. சாமான் உருட்டும் சத்தத்துக்கு அஞ்சி அது எங்காவது ஒளிந்திருக்கும். கண்ணில் பட்டாலும், "அது எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டு வண்டி கிளம்பிவிடும். பூட்டிய கதவின் முன் சில நாள் கத்திப் பார்த்த பூனை, பிறகு கூரை சரிந்த வீட்டுக்கோ, கதவும் சன்னலும் இல்லாத பழைய பங்களாவுக்கோ போய்விடுகிறது. அங்கே குட்டி போடுகிறது. மனிதக் கை படாமல் வளரும் அந்தக் குட்டிகளுக்கு மனிதன் என்றாலே பகை.

சங்கப் பாடல்களில் வரும் வெருகு காட்டில் பிறந்த விலங்கு. இடிந்த சுவருக்குப் பின்னாலிருந்து சீறும் குட்டி அப்படிப்பட்டதல்ல. அது யாரோ ஒருவருடைய வீட்டுப் பூனையின் பிள்ளை, அல்லது பேரப்பிள்ளை. அதைக் காட்டுக்குச் சொந்தமாக்கியது மனிதனுடைய மறதி. ஆகவே அதைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டு வருவதை யாரும் தருமம் என்று எண்ணிப் பெருமைப்பட வேண்டியதில்லை. அது பழைய கடன்.

கடனுக்குக் கெடு உண்டு

கடனைத் தீர்க்கக் கெடு இருப்பது போல் இதற்கும் உண்டு. பூனைக்குட்டி பிறந்து 2 வாரத்திலிருந்து 7 வாரம் வரையுள்ள காலமே மனிதரோடு ஒட்டும் பருவம். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் என்ற பெண் ஆராய்ச்சியாளர் 1980களில் வெளியிட்ட ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. அந்தப் பருவத்தில் நாள்தோறும் கையிலெடுத்துப் பழக்கிய குட்டிகள் மனிதரைத் தேடி வந்தன. பழக்கம் தாமதமாகத் தொடங்கிய குட்டிகள் அந்த அளவுக்கு ஒட்டவில்லை.

அதனால் 5 வாரக் குட்டியைச் சில நாளில் பழக்கிவிடலாம். 8 வாரத்தைத் தாண்டியதற்குப் பல வாரம் ஆகலாம். 4 மாதம் கடந்த குட்டி பெரும்பாலும் மடியில் உட்காரும் பூனையாகாது. அதைக் கட்டாயப்படுத்தி வீட்டில் அடைப்பது அதற்கும் துன்பம், வீட்டாருக்கும் துன்பம். "பாவம், பெரிதாகட்டும், பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப் போடும் இரக்கம் பயன்படாத இரக்கம் என்பதற்கு இதுவே காரணம்.

அவசர இரக்கமும் தவறு

தள்ளிப் போடுவது ஒரு தவறு என்றால், பார்த்த உடனே அள்ளிக்கொண்டு வருவது இன்னொரு தவறு. குட்டிகள் தனியே கிடந்தால் தாய் செத்துவிட்டது என்று பொருளல்ல. இரை தேடப் போயிருக்கலாம். தாய்ப்பூனை குட்டியை வாயில் கவ்வி இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். வைணவப் பெரியோர் பூனைக்குட்டியை உவமையாக எடுத்துக்கொண்டதும் அந்தக் காட்சியைப் பார்த்துத்தான். நான்கில் இரண்டைக் கொண்டு போயிருக்கும். மற்ற இரண்டுக்காகத் திரும்பி வரும். அதற்குள் ஒரு நல்ல மனிதர் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால், பாலூட்டத் தாய் இருந்தும் அவை அனாதைகளாகும்.

எனவே முதலில் தூர நின்று சில மணி நேரம் கவனிக்க வேண்டும். குட்டிகள் வயிறு நிறைந்து, சுத்தமாக, அமைதியாகத் தூங்கினால் தாய் வந்து போகிறது என்று கொள்ளலாம். அப்போது தாய்க்குத் தீனி வைப்பதே குட்டிகளுக்குச் செய்யும் உதவி. குட்டிகள் தாமே தின்னத் தொடங்கும் 5, 6 வார வயதில் எடுத்துப் பழக்குவது இரு தரப்புக்கும் நல்லது.

தாய் வரவே இல்லை, குட்டிகள் ஓயாமல் கத்துகின்றன, உடல் சில்லிட்டிருக்கிறது என்றால் உடனே எடுக்க வேண்டும். முதல் தேவை பால் அல்ல, சூடு. வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்க வேண்டும். சில்லிட்ட குட்டிக்குப் பாலூட்டினால் அது செரிக்காது. பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால் பவுடர் நல்லது. குழந்தையைப் போல் மல்லாத்திப் போட்டு ஊட்டக்கூடாது. வயிறு தரையில் படும்படி வைத்து, சிறிது சிறிதாக, சில மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும் ஊட்ட வேண்டும். 3 வாரத்துக்குக் குறைந்த குட்டியை, பாலூட்டும்போதெல்லாம் வெதுவெதுப்பான ஈரத்துணியால் பின்பக்கம் துடைத்துவிட்டால்தான் மூத்திரமும் மலமும் கழிக்கும். தாய் நாக்கால் செய்யும் வேலை அது.

பழக்கும் முறை

கொஞ்சம் வளர்ந்த குட்டியை வீடு முழுக்க அவிழ்த்துவிடுவது கூடாது. அது பீரோவுக்குப் பின்னால் போய் ஒளிந்தால் ஒரு வாரம் வீணாகும். சிறிய அறை, அதுவும் இல்லையென்றால் ஒரு பெரிய கூண்டு போதும். உள்ளே ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப் பெட்டி, பழைய துணி, தண்ணீர், மணல் பரப்பிய தட்டு ஆகியவை வேண்டும். தங்கவயல் வாசிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெத்தென்று இருக்கிறதே என்று சயனைடு மேட்டு மண்ணை இதற்கு அள்ளி வரக்கூடாது. தங்கத்தைப் பிரிக்க இரசாயனம் கலந்து அரைத்துக் கொட்டிய கழிவு அது. பாதத்தை நக்கிச் சுத்தம் செய்யும் பிராணிக்கு அது ஆகாது. ஆற்று மணலோ கிழித்த காகிதமோ போதும்.

பசியே நல்ல வாத்தியார். ஆனால் பட்டினி போடுவது வேறு. பசி வேளையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது வேறு. வேகவைத்து முள் நீக்கிய மீன், மசித்த கோழிக்கறி இவற்றைக் கொடுக்கலாம். உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு கூடாது. தட்டை வைத்துவிட்டுப் போய்விடாமல், தரையில் உட்கார்ந்து, மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருக்க வேண்டும். நாள்தோறும் தட்டைச் சற்று அருகில் இழுக்க வேண்டும். பிறகு விரல் நுனியில் கொடுக்க வேண்டும். குட்டி தின்னும்போது கழுத்துப் பக்கம் தடவிப் பார்க்கலாம். அது சீறினால் கோபித்துக்கொள்ளவோ கண்ணை உருட்டி முறைக்கவோ கூடாது. சீற்றம் வீரம் அல்ல; பயம். பயப்படும் குட்டிக்கு அடி கொடுத்தால் அதன் பயம் சரிதான் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்ததாகும்.

பிடிக்கும் வேலை பெரியவர்களுடையது. தடித்த துண்டு போட்டுத்தான் பிடிக்க வேண்டும். கடியோ கீறலோ பட்டால், மஞ்சள் வைத்துக்கொண்டு சும்மா இருக்கக்கூடாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். வெறிநோய் நாயால் மட்டும் வருவதல்ல, பூனையாலும் வரும். வந்த பிறகு மருந்தில்லை.

நேரம் யாரிடம் இருக்கிறது?

விடியுமுன் ரயிலேறி இரவில் திரும்பும் தொழிலாளிக்கும் குமாஸ்தாவுக்கும் இதற்கெல்லாம் நேரம் ஏது என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அந்த வீடுகளில் பகலெல்லாம் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்த கைகள் அவை. மாலையில் பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பூனைக்குட்டி கேட்பது பணத்தை அல்ல, அருகில் அசையாமல் உட்கார ஓர் ஆளை. அந்தச் செல்வம் ஓய்வுபெற்றவர்களிடம் ஏராளமாக இருக்கிறது. பாட்டனும் பேரனும் சேர்ந்து ஒரு குட்டியைப் பழக்கினால், பேரன் பொறுமையைக் கற்றுக்கொள்வான். பாட்டனுக்கும் அடுத்த வேளையை எதிர்பார்க்க ஒரு காரணம் கிடைக்கும்.

"மனிதனுக்கே வேலையில்லை, பூனைக்கு என்ன வந்தது?" என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களை இரக்கமற்றவர்கள் என்று ஏசக்கூடாது. வயிற்றுப்பாட்டின் கவலை தெரிந்தவர்கள்தாம் அப்படிக் கேட்கிறார்கள். எல்லாரும் பூனை வளர்க்க வேண்டும் என்பதும் இல்லை. இயலாதவர் இடம் பார்த்துக் கொடுக்கலாம். அதுவும் இயலாதவர் கோணிப்பையைத் தூக்காமலாவது இருக்கலாம். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. வேலை போன பின் கைவிடப்பட்டவர்களின் வலி என்னவென்று தங்கவயலுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு ஊருக்குத் தெரியாது. அந்த வலி தெரிந்த ஊரில் இன்னோர் உயிரைக் கைவிடுவது எளிதாக இருக்கக்கூடாது.

பாதி வேலை போதாது

குட்டியைப் பழக்குவதோடு வேலை முடிவதில்லை. பெண் பூனை 5, 6 மாதத்திலேயே சினைப்படும். சுமார் 9 வாரத்தில் குட்டி போடும். ஓர் ஆண்டில் இரண்டு, மூன்று முறை குட்டி போடக்கூடியது. கருத்தடை செய்யாமல் பூனை வளர்ப்பவர், அடுத்த கோணிப்பையைத் தைத்துக்கொண்டிருக்கிறார் என்றே சொல்ல வேண்டும். தடுப்பூசியோடு கருத்தடையையும் முடித்துவிட வேண்டும். பழக வயது கடந்த பூனைகளையும் கூண்டு வைத்துப் பிடித்து, கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விடுவதுதான் பல நாடுகளில் கையாளப்படும் வழி.

இது புதிய சிந்தனை அல்ல. சென்னையில் கேப்டன் வி. சுந்தரம் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ், தெருநாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யலாம் என்று 1960களிலேயே சொன்னது. சென்னை மாநகராட்சி 1996இல்தான் அதை ஏற்றுக்கொண்டது. நாய்க்குக் கிடைத்த அந்தக் கவனம் பூனைக்கு இன்னும் கிடைக்கவில்லை. பூனைக் கருத்தடைக்கு மாதத்தில் ஒரு நாளை ஒதுக்கும்படி நகரசபையையும் கால்நடைத் துறையையும் தங்கவயல் மக்கள் கேட்கலாம். கேட்பதற்குச் சங்கமும் மனுவும் இந்த ஊருக்குப் புதியவை அல்லவே!

சட்டமும் இருக்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் 1953இல் மாநிலங்களவையில் கொண்டு வந்த தனி மசோதாவின் தொடர்ச்சியாக, 1960இல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. பசியாலும் தாகத்தாலும் துன்பப்படும் நிலையில் ஒரு பிராணியைத் தகுந்த காரணமின்றிக் கைவிடுவது அதன் 11ஆவது பிரிவின்படி குற்றம். ஆனால் முதல் முறைக் குற்றத்துக்கு அந்தச் சட்டம் வைத்த அபராதம் 50 ரூபாயைத் தாண்டாது. கோணிப்பையோடு போகிறவரைப் போலீஸ்காரர் நிறுத்தப் போவதில்லை.

நிறுத்த வேண்டியது வீட்டிலிருப்பவர்கள். "எங்கே கொண்டு போகிறாய்?" என்று ஒரு தாய் மகனைக் கேட்கலாம். "இரண்டு வாரம் பொறு, நான் பழக்கித் தருகிறேன்" என்று ஒரு பாட்டன் சொல்லலாம். வீடு மாறுகிறவர்கள், சாமான் ஏற்றுவதற்கு முன்பே பூனையைக் கூடையில் வைத்து மூடிக்கொள்ளலாம். கொல்வது பாவம் என்று சொல்லிக் கொடுத்த பெரியவர்கள், கைவிடுவதும் பாவம் என்பதைச் சேர்த்துச் சொல்லட்டும்.