பி.டி. பீரியடைத் திருடிட்டு ஐஸ்பிரேக்கர் விக்கிறாங்க!

மக்களே, முதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் காட்டமான பதிவு.

சாஃப்ட்வேர் கம்பெனியில குப்பை கொட்டுற எல்லாருக்கும் தெரிஞ்ச சமாச்சாரம்தான். வருஷத்துக்கு ஒருதடவையாவது டிரெய்னர் ஒருத்தர் வருவார். நாற்காலியெல்லாம் ஓரங்கட்டிட்டு முப்பது பேரை வட்டமா நிக்க வைப்பார். எதிர்ல இருக்கிறவரைக் கண்ணுக்குக் கண்ணா பார்த்து, கையைத் தட்டி 'ஜிப்' அனுப்பணும். வாங்கினவர் 'ஜாப்'னு அடுத்த ஆளுக்குத் தள்ளணும். அப்புறம் கண்ணாடி விளையாட்டு: ஒருத்தர் கையை அசைச்சா எதிர்ல நிக்கிறவர் பிம்பம் மாதிரியே அசைக்கணும். கடைசியா கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கணும். இதுக்கு சர்டிபிகேட் வேற!

விளையாட்டுகளை நான் குறை சொல்லலை. யார்கிட்ட இருந்து பிடுங்கி யாருக்கு விக்கிறாங்கங்கிறதுதான் என் வயித்தெரிச்சல்.

இந்த மாதிரிப் பயிற்சிகளோட வேர் எங்கே இருக்கு? சிகாகோவில நீவா பாய்ட்னு ஒரு அம்மா, நாட்டுப்புற விளையாட்டுகளைச் சேகரிச்சு, குடியேறி வந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆட வச்சாங்க. அவங்ககிட்டப் படிச்சவங்க வயோலா ஸ்போலின். விளையாட்டையே நடிப்புப் பயிற்சியா மாத்தி 1963-ல புத்தகம் போட்டாங்க. அவங்க மகன் பால் சில்ஸ், 1959-ல 'செகண்ட் சிட்டி' நாடகக் குழுவைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தர். ஆக மூலச்சரக்கு, சின்னப் பிள்ளைங்க விளையாட்டுங்க.

அந்தச் சரக்கு நம்மகிட்ட இல்லையா? கொலகொலயா முந்திரிக்காயில, முதுகுக்குப் பின்னாடி துணி விழுந்துச்சான்னு உட்கார்ந்த இடத்துலயே உணரணும். கிளித்தட்டுல எதிர்ல மறிக்கிறவனையும் பக்கவாட்டுல வர்றவனையும் ஒரே நேரத்துல கவனிக்கணும். கபடியில பாட்டு நின்னு மூச்சு விட்டா அவுட்டு. இதைவிட மூச்சைக் கவனிக்கிற பயிற்சி எந்த டிரெய்னர்கிட்ட இருக்கு?

சேலம் பக்கம் விடிய விடிய நடக்கிற கூத்துல கோமாளியைப் பார்த்திருக்கீங்களா? முன்னாடி உட்கார்ந்திருக்கிற எவனாச்சும் குரல் விட்டா, அதையே பிடிச்சுப் பதில் கொடுத்து, அப்படியே கதைக்குள்ள இழுத்துடுவார். எழுதி வச்ச வசனம் கிடையாது. காதும் கண்ணும் அந்த இடத்துல இருக்கணும், அவ்ளோதான்.

இவ்வளவும் இருந்த மண்ணுல நாம என்ன பண்ணினோம்? கோழிக்கும் முட்டைக்கும் பேர் போன நாமக்கல்லுல ஹாஸ்டல் பள்ளிகளைக் கட்டினோம். 'பிராய்லர் பள்ளி'ன்னு பொருத்தமா பேரும் வச்சாச்சு. நானும் அப்படி ஒரு பண்ணையில வளர்ந்தவன்தான். பதினொண்ணாவதுலயே பன்னெண்டாவது பாடம். டைம்டேபிள்ல பி.டி. பீரியட் இருக்கும், வர்றது கணக்கு வாத்தியார். ரெண்டு வருஷத்துல நாங்க மைதானத்துல நின்னது கொடி ஏத்துற அன்னைக்கு மட்டும்.

'அந்த மார்க்காலதானே இன்னைக்கு நீ ஏசி ரூம்ல உட்கார்ந்திருக்கே?'ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. தறி ஓட்டியும் லாரி ஓட்டியும் கடனை வாங்கி ஃபீஸ் கட்டின பெத்தவங்களை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனா வாரத்துக்கு ரெண்டு பீரியட் விளையாடியிருந்தா அந்த மார்க் குறைஞ்சிருக்குமா? மனப்பாடம் பண்ணாத கேள்வி ஒண்ணு மீட்டிங்ல வந்தா நாக்கு ஒட்டிக்குதே, அந்த வியாதியை எங்களுக்குக் கொடுத்தது யாரு? வியாதியைக் கொடுத்துட்டு, 'கம்யூனிகேஷன் ஸ்கில் பத்தலை'ன்னு மருந்து விக்கிறது என்ன நியாயம்?

மருந்தாவது வேலை செய்யுமா? பாராட்டுவாங்களா, திட்டுவாங்களான்னு பயந்துக்கிட்டே இருந்தா விளையாட்டே வராதுங்கிறது ஸ்போலினோட அடிப்படைப் பாடம். இங்கேயோ அப்ரைசல் போடுற மேனேஜர் அதே வட்டத்துல நிக்கிறார். அவருக்கு 'ஜிப்' அனுப்புறப்ப எவனுக்குங்க மனசு அந்த நொடியில இருக்கும்? இன்க்ரிமெண்ட்ல இருக்கும் :-)

தோத்தாலும் ஒண்ணும் ஆகாதுங்கிற இடத்துலதான் இந்தத் திறமை வளரும். அது கான்பரன்ஸ் ஹால் இல்லை, பள்ளிக்கூட மைதானம். 2017-ல மாநில ரேங்க் அறிவிக்கிறதை அரசாங்கம் நிறுத்துச்சு, நல்ல காரியம். ஆனா ரேங்க் போனதால மட்டும் பி.டி. பீரியட் தானா திரும்பி வந்துடாது. கேட்டு வாங்கணும்.

அதனால, பிள்ளையைச் சேர்க்கப் போறப்ப 'போன வருஷம் எத்தனை சென்டம்?'னு கேட்கிறதுக்கு முன்னாடி, 'பி.டி. பீரியட்ல எந்த வாத்தியார் வருவார்?'னு கேளுங்க. பதில் சொல்லத் திணறினா, அடுத்த பள்ளிக்கூடத்தைப் பாருங்க.

மாற்றுக்கருத்து இருக்கிறவங்க பின்னூட்டத்துக்கு வாங்க, கும்மிடலாம்.