மனசு உடைஞ்சா இதயம் தாங்குமா?

‘நெஞ்சே வெடிச்சுடும் போல இருக்கு’ என்று துக்க வீட்டில் ஒரு அம்மா அழுதால் நாம் என்ன செய்கிறோம்? ஒரு சோடாவை உடைத்துக் கொடுத்து, விசிறிவிட்டு, ‘மனசைத் தேத்திக்கோம்மா’ என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். அது துக்கத்தில் வருகிற வெறும் வார்த்தை என்றே நினைக்கிறோம். அப்படி நினைப்பது ஆபத்து. மனசுக்கு விழுகிற அடி இதயத் தசை வரைக்கும், அந்தத் தசையின் செல்லுக்குள்ளே இருக்கும் மரபணு வரைக்கும் போய்ச் சேருகிறது என்பதை இன்றைய ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

‘சித்த வைத்தியருக்கு ஜீனைப் பத்தி என்ன பேச்சு?’ என்று கேட்பீர்கள். உடம்பு வேறு, மனசு வேறு என்று பிரிக்காத வைத்தியத்தைப் படித்தவன் நான். அதனால்தான் பேசுகிறேன்.

1990-ல் ஜப்பானிய டாக்டர்கள் ஒரு புதுமாதிரியான இதய நோயைப் பற்றி எழுதினார்கள். திடீரென்று நெஞ்சு வலி, மூச்சுத் திணறல். இ.சி.ஜி.யைப் பார்த்தால் ஹார்ட் அட்டாக் மாதிரியே இருக்கும். ஆனால், ரத்தக்குழாயில் அதற்குக் காரணமான அடைப்பு இருக்காது. இதயத்தின் இடது கீழறை மட்டும் அடியில் பானை போல உப்பி, கழுத்து குறுகி நிற்கும். ஜப்பானில் ஆக்டோபஸ் பிடிக்கும் பானைக்கு ‘டாகோட்சுபோ’ என்று பெயர். அதையே நோய்க்கும் வைத்துவிட்டார்கள். 2015-ல் 1,750 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, பத்தில் ஒன்பது பேர் பெண்கள். சராசரி வயது 67-ஐ ஒட்டி. துக்கம், பயம், கோபம் போன்ற மன அதிர்ச்சிக்குப் பின் வந்தவர்கள் நாலில் ஒரு பங்குக்கும் மேல். மற்றவர்களில் பலருக்கு உடல்நோயோ ஆபரேஷனோ தூண்டுதலாக இருந்தது. சிலருக்குக் காரணமே தெரியவில்லை.

சரி, இதில் மரபணு எங்கே வந்தது?

மரபணு என்பதை ஒரு சமையல் குறிப்பு நோட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பின் செல்கள் அநேகமாக எல்லாவற்றிலும் அதே நோட்டுதான். இதயச் செல் எந்தப் பக்கத்தைப் புரட்டுகிறது, எதை மூடி வைக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. டென்ஷன் வந்தால் அட்ரினலினும் கார்ட்டிசாலும் ரத்தத்தில் ஏறுகின்றன. அட்ரினலின் செல்லின் வெளிச்சுவரில் நின்று உள்ளே தகவல் அனுப்பும். கார்ட்டிசால் செல்லுக்குள்ளேயே நுழைந்து, தன்னை ஏற்கும் புரதத்தோடு சேர்ந்து, டி.என்.ஏ. வரைக்கும் போகும். போய், சில பக்கங்களைத் திறக்கும், சிலவற்றை மூடும்.

‘மைக்ரோ ஆர்.என்.ஏ.’ என்று சின்னஞ்சிறு துணுக்குகளும் உண்டு. குறிப்பை எடுத்துச் சமைக்கப் போகும்போது ‘இதை இப்போ செய்யாதே’ என்று தடுக்கிற வேலை இவற்றுக்கு. இவற்றைக் கண்டுபிடித்ததற்குத்தான் 2024-ன் மருத்துவ நோபல் பரிசு. மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் தொடர்புள்ள இரண்டு துணுக்குகளை லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் எலியின் இதயச் செல்களில் அதிகப்படுத்திப் பார்த்தார்கள். அந்தச் செல்கள் அட்ரினலினுக்கு மிகச் சுலபமாகத் துவண்டுபோயின. 2021-ல் வெளியான இந்த ஆய்வு சொல்வது இதுதான்: நாள்பட்ட மன உளைச்சல் இதயத்தை முன்கூட்டியே பலவீனமாக்கி வைத்திருக்கலாம், கடைசியில் வருகிற அதிர்ச்சி அதன் மேல் விழுகிறது. இது முடிந்த முடிவல்ல. ஆனால், அலட்சியப்படுத்தக் கூடியதும் அல்ல.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன்.

முதலாவது: துக்கத்திலோ அதிர்ச்சியிலோ நெஞ்சு வலி வந்தால், ‘மனசுதான் காரணம்’, ‘கேஸ்தான்’ என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள். கஷாயம் வைக்காதீர்கள். என்னிடமும் ஓடி வராதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, இ.சி.ஜி. வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாகோட்சுபோவா, அடைப்பா என்பதை எக்கோ, ஆஞ்சியோகிராம் பார்த்துத்தான் சொல்ல முடியும். நாடி பார்த்துச் சொல்கிற விஷயம் இல்லை இது. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். ஆனால், முதல் சில நாட்களில் உயிருக்கே ஆபத்து வருவதும் உண்டு.

இரண்டாவது: ‘இதெல்லாம் நம்ம சித்தர்கள் அன்னைக்கே சொன்னதுதான்’ என்று என் சக வைத்தியர்கள் சிலர் மார்தட்டுகிறார்கள். மனசும் உடம்பும் ஒன்றையொன்று பாதிக்கும் என்பது நம் வைத்தியத்தில் உண்டு. மரபணுவைப் பற்றி அதில் இல்லை. இல்லாததை இருப்பதாகச் சொல்வது நம் பாரம்பரியத்துக்குப் பெருமை சேர்க்காது. ‘ஜீனையே மாற்றும் லேகியம்’ என்று யாராவது விற்றால் காசைக் கரியாக்காதீர்கள். மருதம்பட்டை குடிக்கிறேன் என்று டாக்டர் கொடுத்த பிரஷர் மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதும் கூடாது. சில மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினாலே இதயத்துக்கு ஆபத்து.

மூன்றாவதுதான் முக்கியம். ‘டென்ஷன் ஆகாதே’ என்பது அறிவுரையே இல்லை. காலையில் ஐந்து மணிக்கு எழுந்து, படுக்கையில் இருக்கும் மாமியாரைக் கவனித்து, பிள்ளைகளைக் கிளப்பி, ஆபீஸுக்கும் ஓடுகிற பெண்ணிடம் ‘தியானம் பண்ணும்மா’ என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? அவளுடைய வேலையில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள், அதுதான் மருந்து. 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு, புகை, கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவற்றோடு மன உளைச்சலையும் மாரடைப்புக்கான காரணங்களின் பட்டியலில் சேர்த்தது. சிகரெட்டை வீட்டில் தடுக்கிற நாம், உளைச்சலை மட்டும் வீட்டிலேயே உற்பத்தி பண்ணலாமா?

மூச்சுப்பயிற்சி, அரைமணி நடை, நேரத்துக்குத் தூக்கம் இதெல்லாம் நல்லதுதான். ஆனால், அதற்கு நேரம் வேண்டுமே! அந்த நேரத்தை வீட்டில் உள்ள மற்றவர்கள்தான் ஏற்படுத்தித் தர வேண்டும்.

துக்கம் நடந்த வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உறவுக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள். அதன் பிறகுதான் அந்த அம்மா தனியாகிறாள். சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, மூச்சு வாங்குகிறதா, அவளுடைய மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா என்று இரண்டு மூன்று மாதமாவது தினமும் ஒருவர் கேளுங்கள். இதற்குப் பீஸ் கிடையாது.