நேரில் கண்டோர் யாது கண்டனர்?

ராக் இசைக்குழு ஒன்றின் கச்சேரிப் பதிவை வீட்டிலிருந்தபடியே பார்ப்பது கச்சேரி கேட்டதாகுமா, ஆகாதா என்னும் வாதம் நம்மிடையே சில காலமாக நடந்து வருகிறது. 2023-ஆம் ஆண்டு நவம்பரில் கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கிலும், 2024 ஜனவரியில் சிங்கப்பூர்த் தேசிய அரங்கிலும் கோல்ட்பிளே என்னும் ஆங்கிலக் குழுவினர் வந்து பாடிச் சென்ற பிறகு இவ்வாதம் சூடு பிடித்தது. அக்கச்சேரிகளுக்குப் போய்வந்த கனவான்கள் சிலர், போகாதவரைக் கண்டால் நோயாளியைக் காண வந்தவர்போல் இரக்கத்தோடு முறுவலிக்கின்றனர். “நேரில் இருந்தாலன்றி அது இன்னதென்று உமக்கு விளங்காது” என்பது அவர்கள் எல்லோருக்கும் பொதுவான வாய்ப்பாடு.

பணமும் ஓய்வும் வாய்த்தவர் தாராளமாகப் போகட்டும். அதில் நமக்கு அழுக்காறில்லை. ஆனால் செம்பனைத் தோட்டத்து வீட்டிலோ, பட்டணத்து அடுக்குமாடியிலோ, மாலை நேர வேலை முடித்து வந்து, தம்பி தங்கையர் உறங்கிய பின் ஒலியைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, ஒரு கச்சேரிப் பதிவை ஒன்றரை மணி நேரம் அசையாதிருந்து பார்க்கிறானே ஓர் இளைஞன், அவனை நோக்கி, “நீ கேட்டது இசையன்று, இசையின் மிச்சில்” என்று கூறத் துணிவார்களாயின், அதனை நாம் மறுத்தே தீரவேண்டும். நுழைவுச்சீட்டுக்குக் கொடுத்த பணம் ஆசனத்திற்கு விலையேயன்றி அறிவுக்கு விலையன்று.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லையென்று நாம் சாதிக்க வரவில்லை. ஒலிபெருக்கியின் அதிர்ச்சி மார்பில் வந்து மோதுவதும், முன்பின் அறியாதார் தோளோடு தோள் நின்று ஒரே பாட்டைப் பாடுவதும் பெருங்களிப்பே. அக்களிப்பை எந்தப் பெட்டியும் வீட்டிற்குக் கொண்டுவந்து தராது. ஆயினும் களிப்பு வேறு, காட்சி வேறு.

1985-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் நாள், எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்திற்காக லண்டன் வெம்பிளி அரங்கில் நடந்த லைவ் எய்ட் நிகழ்ச்சியில் குவீன் குழுவினர் ஏறக்குறைய 20 நிமிஷமே பாடினர். ஜான்சிபாரில் பார்சிக் குடும்பத்திற் பிறந்து, இந்தியாவில் பஞ்ச்கனிப் பள்ளியிற் பயின்ற பிரெடி மெர்க்குரியே அக்குழுவின் பாடகர். ‘ரேடியோ காகா’ என்னும் பாட்டின்போது, கூடியிருந்த சுமார் 72,000 பேர் கைகளைத் தலைக்குமேல் உயர்த்தித் தாளத்தோடு தட்டினர். அக்காட்சியை இன்றும் உலகம் வியந்து பேசுகிறது. ஆனால் அதனைக் கண்டவர் யார்? கூட்டத்தின் நடுவே நின்றவன் கண்டது முன்னால் நின்றவனுடைய பிடரியையும் அக்கம்பக்கத்துக் கைகளையுமே. காற்றில் அசையும் நெல்வயல்போல் அம்மாபெருங் கூட்டம் அசைந்ததைக் கண்டவர் மேடைமீது நின்றவரும், காமிராவின் வழியே வீட்டிலிருந்து பார்த்தவருமாவர்.

இன்றைய அரங்குகளிலோ வேடிக்கை இன்னும் அதிகம். பின்வரிசையில் இருப்போர் மேடையோரத்துப் பெருந்திரையைப் பார்க்கின்றனர். முன்வரிசையில் இருப்போரிற் பலர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து, அதன் சிறுதிரையைப் பார்க்கின்றனர். திரையைப் பார்ப்பதற்காகப் பெருந்தொகை செலவிட்டுப் போனவர், வீட்டுத்திரையைப் பார்ப்பவனைக் கண்டு நகைப்பது எவ்வகையில் நியாயம்?

இது கேளிக்கையோடு நின்றுவிடும் விஷயமன்று. 1969-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஆல்டமான்ட் என்னும் பந்தயத்திடலில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் இலவசக் கச்சேரி நடத்தினர். ஏறத்தாழ 3,00,000 பேர் திரண்டனர். மேடைக்குக் காவலாக நின்றவர் ‘ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்’ எனப்பட்ட மோட்டார் சைக்கிள் கூட்டத்தார். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே, மேடையருகில், மெரிடித் ஹன்டர் என்னும் 18 வயதுக் கறுப்பின இளைஞன் அவர்களுள் ஒருவனால் கத்தியாற் குத்துண்டு மாண்டான். மேடையில் இருந்தவர் ஏதோ குழப்பமென்று அறிந்தனரேயன்றி, கொலையென்று அறியாது கச்சேரியைத் தொடர்ந்து முடித்தனர். திடலில் நின்ற இலட்சக்கணக்கானவரும் அறிந்திலர்.

அக்கச்சேரியை மேசில்ஸ் சகோதரர் இருவரும் சார்லட் ஸ்வெரின் என்னும் அம்மையாரும் ‘கிம்மி ஷெல்டர்’ என்ற படமாக்கி 1970-இல் வெளியிட்டனர். அப்படத்திலேயே ஒரு காட்சி உண்டு. பாடகர் மிக் ஜாகர், படத்தொகுப்பு மேசையின் முன் அமர்ந்து, தாம் நின்ற இடத்தருகே நிகழ்ந்த கொலையைச் சிறுதிரையில் பார்க்கிறார். படச்சுருளை நிறுத்தியும் மெதுவாக ஓட்டியும் காட்டுகிறார்கள். இளைஞன் கையில் துப்பாக்கி தெரிகிறது. பிறகு கத்தி இறங்குகிறது. கொலைவழக்கில் அப்பதிவே நீதிமன்றத்தில் சாட்சியாயிற்று. தற்காப்புக்காகச் செய்ததென்று கொண்டு, குற்றஞ்சாட்டப்பட்டவன் 1971-இல் விடுதலை செய்யப்பட்டான். “நேரில் இருந்தாலன்றி விளங்காது” என்போரை நாம் கேட்கிறோம்: அன்று நேரில் இருந்தோர்க்கு விளங்கியது என்ன?

இன்னும் ஒரு சான்று தருவோம். இத்தாலி தேசத்துப் பொம்பெயி நகரம் கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலுள் மூழ்கிய நகரம். அங்குள்ள பழைய உரோமானிய வட்டரங்கில் 1971-ஆம் ஆண்டு அக்டோபரில் பிங்க் புளாய்டு குழுவினர் பகலிலும் இரவிலும் வாசித்தனர். ஏட்ரியன் மேபன் அதனைப் படமாக்கினார். கேட்பதற்கென்று அழைக்கப்பட்ட கூட்டம் அங்கே கிடையாது. கல்லாசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. 1972-இல் வெளிவந்து, 2025-இல் புதுப்பிக்கப்பெற்று மீண்டும் திரையேறிய அப்படத்திற்கு, ‘நேரில் கேட்டவர்’ என்று சொல்லத்தக்கார் படம் பிடித்தவரையன்றி இல்லையென்றே கூறலாம். அவ்வாறாயின் அக்கச்சேரி யாருக்காக நடந்தது? திரையின்முன் இருக்கும் நமக்காகவே நடந்தது. வேகமான ஒரு பாட்டின் நடுவே டிரம் வாசிக்கும் நிக் மேசனின் கையிலிருந்து குச்சி ஒன்று நழுவிப் போகிறது. அவர் கணமும் தாளம் பிசகாது வேறொன்றை எடுத்துக்கொள்கிறார். தேர்ந்த தொழிலாளி கருவி தவறியபோதும் வேலை தவறாதிருப்பதை அங்கே காண்கிறோம். எந்த அரங்கிலும் கடைசி வரிசையில் இருப்பவன் இதனைக் கண்டிருக்க முடியுமா?

நாடகமேடையில் புகழ்பெற்ற கிட்டப்பா 1933-இல், தமது 27-ஆம் வயதிலேயே மறைந்தார். அதன்பின் பிறந்த நாம் அனைவரும் அவர் குரலை இசைத்தட்டின் வாயிலாகவே அறிவோம். அதனால் நாம் அவரைக் கேளாதவர் ஆகிவிட்டோமா?

இவ்வளவும் சொன்னதனால், பதிவில் உள்ளதெல்லாம் உண்மையென்று கண்ணை மூடிக்கொண்டு நம்பும்படி நாம் கூறுவதாக எவரும் கருதவேண்டா. சீட்டு வாங்கியவரின் செருக்கு ஒரு மயக்கமென்றால், திரையை வேதவாக்காகக் கொள்வது மற்றொரு மயக்கம். பொம்பெயி என்று பெயர் தாங்கிய அப்படத்திலேயே சில பாட்டுக்கள் பாரிஸ் நகரத்து ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டவை. ‘தி பேண்ட்’ குழுவினர் 1976 நவம்பர் 25-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடத்திய விடைபெறு கச்சேரியை மார்ட்டின் ஸ்கார்செசி படமாக்கி, ‘தி லாஸ்ட் வால்ட்ஸ்’ என்று 1978-இல் வெளியிட்டார். அதில் கேட்கும் வாசிப்பிற் சில பிற்பாடு திருத்திப் பதிந்தவை. குழுவில் ஐவர் சமமாக உழைத்திருக்க, கிட்டார் வாசித்த ராபி ராபர்ட்சன் மீதே காமிரா பெரிதும் மொய்த்தது. படத்தைத் தயாரித்தவரும் அவரே. பியானோ வாசித்துப் பாடிய ரிச்சர்ட் மேனுவல் அரிதாகவே தென்படுகிறார். அக்குழுவில் டிரம் வாசித்துப் பாடிய லெவன் ஹெல்ம் இக்குறையை 1993-இல் வெளியிட்ட தம் வரலாற்று நூலில் கசப்போடு எடுத்துரைத்தார்.

கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் பெரியோர் வாக்கு. அரங்கில் இருப்பவனுக்கும் வீட்டில் இருப்பவனுக்கும் இது ஒக்கும். ஆனால் விசாரிப்பதற்கு வேண்டிய வசதி வீட்டிலிருப்பவனுக்கே உண்டு. அவன் நிறுத்தலாம், திருப்பலாம், ஒரு முறை பாடகனையும் மறுமுறை டிரம் வாசிப்பவனையும் கவனிக்கலாம், காமிரா யாரைக் காட்டவில்லை என்று கேட்கலாம். அரங்கத்தில் ஒரு கணம் கடந்தால் கடந்ததே.

அவ்வசதியை நாம் பயன்படுத்துகிறோமா? இங்கேதான் நம்மவரையும் கண்டிக்க வேண்டியிருக்கிறது. கச்சேரிப் பதிவை ஓடவிட்டு, அதன்மேல் ஊர்வம்பு பேசுகிறோம். பாட்டு முடியுமுன் அடுத்ததற்குத் தாவுகிறோம். அரை நிமிஷத் துணுக்கைக் கைப்பேசியிற் பார்த்துவிட்டு, முழுக் கச்சேரியும் பார்த்ததாகச் சொல்லிக்கொள்கிறோம். இத்தகையோரைப் பார்த்து அரங்குக்குப் போனவர் நகைத்தால், நாம் வாய் திறக்க இயலாது. பெரியவர்களில் ஒரு சாராரோ, “இது வெள்ளையர் கூச்சல்” என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டு அறையை விட்டு எழுந்து போகின்றனர். கேளாமல் தள்ளுவது தீர்ப்பாகாது. முழுதும் கேட்டபின் கூச்சலென்று சொல்வாராயின், அவர் சொல்லுக்கு நாம் செவி சாய்ப்போம்.

ஆகவே, தோழர்களே, வீட்டிலிருந்து பார்ப்பதற்காக வெட்கப்படாதீர்கள். இவ்வாரமே ஒரு முழுக் கச்சேரிப் பதிவைத் தேர்ந்து, கைப்பேசியை அப்பால் வைத்து, முதலிலிருந்து முடிவுவரை பாருங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களையும் அருகில் அழைத்து அமர்த்துங்கள். முடிந்தபின் எது நன்று, எது போலி, எது மறைக்கப்பட்டது என்று ஒருவரோடொருவர் வாதாடுங்கள். பிறகு அரங்குக்குப் போய்வந்த கனவான் எவரேனும் இரக்கத்தோடு முறுவலித்தால், அவர் கண்டது யாதென்று பணிவோடு கேளுங்கள்; நீங்கள் கண்டதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.