தாய்வீடு ரயிலேறி வரட்டும்

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது நம் வழக்கம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும், கை நிறைய வளையலோடு பெண்ணை அவள் அம்மா அழைத்துப் போவாள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு கொண்டுவந்து விடுவார்கள். கும்பகோணத்தில் வாழ்க்கைப்பட்டவள் மாயவரத்துக்குப் பிரசவத்துக்குப் போன காலத்தில் இதில் ஒரு குறையும் இல்லை. டெல்லியில் குடியிருக்கும் நமக்கோ அந்த வழி 2,000 கிலோமீட்டருக்கு மேல். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினால் இரண்டு இரவும் ஒரு பகலும் கழிந்து சென்னை. அங்கிருந்து ஊருக்கு இன்னொரு பயணம்.

நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் பெண், டாக்டரும் சரி என்றால், தாராளமாகப் போகட்டும். கர்ப்பத்தில் சிக்கல் இருக்கிறது, பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்ட பெண்ணையும் வழக்கத்துக்காக ரயிலேற்றலாமா என்பதே என் கேள்வி. கூடவே கூடாது என்பது என் கருத்து. இந்தக் கருத்துக்கு நான் வந்த விதம் எனக்குப் பெருமை சேர்ப்பதல்ல. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

என் மருமகள் கல்யாணமாகி டெல்லிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத சமயம். வளைகாப்புக்கு நாள் குறித்து, சம்பந்தி அம்மாள் வந்து அழைத்துப் போக டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அந்த வாரப் பரிசோதனையில் இரத்த அழுத்தம் 150/100. சிறுநீரில் புரதம் வேறு. "ஹை ரிஸ்க், பயணம் வேண்டாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "மாசமாக இருப்பவளுக்குக் காலில் நீர் கோத்துக்கொள்வது சகஜம்தானே, பார்லி கஞ்சி குடித்தால் வடிந்துவிடும்" என்றேன். பெண்ணை அனுப்ப மறுக்கிறோம் என்று சம்பந்தி வீட்டார் தப்பாக நினைத்துக்கொள்வார்களே என்பதுதான் என் கவலை. என் மகன் பிடிவாதமாக டிக்கெட்டை ரத்து செய்தான். இரண்டு நாள் நான் அவனோடு பேசவில்லை.

மூன்று வாரம் கழித்து இரத்த அழுத்தம் கட்டுப்படாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே ஓர் இரவு அவளுக்குக் கடுமையான தலைவலி. கண் முன்னே பூச்சி பறந்திருக்கிறது, மேல்வயிறு வலித்திருக்கிறது. அவளுக்குத் தெரிந்த ஹிந்தியோ நாலே வார்த்தை. நர்ஸிடம் "சக்கர், சக்கர்" என்றே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். தலைசுற்றல்தானே என்று அந்த நர்ஸும் படுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் போய் விஷயத்தை விளக்கிச் சொன்ன பிறகு அளந்து பார்த்தால் 180/110. வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் மருந்தை ஏற்றி, அன்றிரவே ஆபரேஷன் செய்தார்கள். 34-ஆவது வாரத்தில், 1 கிலோ 800 கிராமில் பேத்தி பிறந்தாள். 18 நாள் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

இந்த நோயைப் பற்றிப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். கர்ப்பத்தின் 20-ஆவது வாரத்துக்குப் பிறகு இரத்த அழுத்தம் 140/90-ஐ எட்டினாலே கவனிக்க வேண்டும். பெண்ணுக்கு எந்த உபாதையும் தெரியாமலே இருக்கலாம். அளந்து பார்த்தால்தான் தெரியும். சில மணி நேரத்தில் முற்றி வலிப்பில் கொண்டுபோய் விடவும் கூடும். மருந்தெல்லாம் கொஞ்ச நாள் தள்ளிப்போடத்தான்; பிரசவம் ஆன பிறகுதான் நோய் தணியத் தொடங்கும். பிரசவத்துக்குப் பிறகும் சில நாள் கண்காணிக்க வேண்டும். ஆபரேஷன் தியேட்டரும் குறைமாதக் குழந்தையைக் காப்பாற்றும் வசதியும் பக்கத்திலேயே இருக்க வேண்டிய நேரம் அது. பல்லார்ஷா தாண்டி வாரங்கல் போகும் காட்டுப் பாதையில், ஓடுகிற ரயிலில் இவற்றை எங்கே தேடுவது?

நஞ்சு கீழிறங்கியிருக்கும் பெண்ணுக்கு வலியே இல்லாமல் திடீரென்று உதிரப்போக்கு வரலாம். இரட்டைக் குழந்தை, சர்க்கரை, கடுமையான இரத்தசோகை, முந்தைய சிசேரியன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. ரிஸ்க் என்றாலே எல்லாரும் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பதில்லை. போகலாமா கூடாதா என்பதை டாக்டர் சொல்லட்டும். பஞ்சாங்கமும் சம்பந்தி மரியாதையும் சொல்ல வேண்டாம். ஊரில்தான் பிரசவம் என்றால் நாலாம், ஐந்தாம் மாதத்திலேயே டாக்டரைக் கேட்டு, ஸ்கேன் முதல் அத்தனை காகிதங்களையும் எடுத்துக்கொண்டு போய், அங்குள்ள டாக்டரிடம் பதிந்துகொள்ள வேண்டும். எட்டாம் மாதத்தில் புது ஆஸ்பத்திரியில் போய் நின்றால், அவர்கள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் தாய்வீட்டுச் சீராட்டு? அதையும் கண்ணால் பார்த்தேன். "பெண் கொடுத்த வீட்டில் மாசக்கணக்கில் எப்படித் தங்குவது" என்று சம்பந்தி அம்மாள் முதலில் தயங்கினார். நானே போனில் கூப்பிட்டு வருந்தி அழைத்தேன். பிரசவ லேகியமும் சுண்டைக்காய் வற்றலுமாக வந்து இறங்கி, நாலு மாதம் எங்களோடு இருந்தார். அம்மாவைப் பார்த்த அன்றுதான் அந்தப் பெண் நிம்மதியாகத் தூங்கினாள். குழந்தை ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் அப்பாவும் பக்கத்தில் இருக்க முடிந்தது. ஊரில் பிறந்திருந்தால் அவனுக்கு ஒரு வாரத்துக்கு மேல் லீவு கிடைத்திருக்குமா?

எல்லா வீட்டிலும் அம்மா வர முடியாது என்பதை அறிவேன். உடம்பு முடியாதவர்கள் உண்டு, வயிற்றுப்பாட்டை விட்டு வர முடியாதவர்கள் உண்டு. அந்த இடத்தில் நம் சங்கம் நிற்க வேண்டும். பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் இத்தனை பேர் கூடி உழைக்கிறோம். ஒவ்வொரு பகுதியிலும் ஹிந்தி நன்றாகப் பேசும் மூன்று பெண்கள், ஆஸ்பத்திரிக்குக் கூடப் போய் வரத் தயாராக இருந்தால் போதும். உறுப்பினர்களின் இரத்த வகைப் பட்டியல் ஒன்று வேண்டும். படுக்கையில் இருப்பவளுக்கு முறை வைத்து ஒரு வேளை ரசம் சாதம் அனுப்பலாம். அரசு ஆஸ்பத்திரிகளில் ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி, நாலாம் மாதம் முதல் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடத்தும் திட்டம் 2016-இல் தொடங்கியது. ஆபத்து அதிகமுள்ளவர்களின் அட்டையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அதில் வழக்கம். புதிதாக வந்திருக்கும் நம் பெண்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. டாக்டர் வேண்டாம் என்றால் டிக்கெட்டை உங்கள் பெயரில் எடுங்கள். பிள்ளையைப் பெற்றவர்களுக்கும் ஒன்று: அவர்கள் கேட்குமுன் நீங்களே அழையுங்கள். வளைகாப்பு இங்கேயே நடக்கட்டும். கண்ணாடி வளையல் கரோல் பாகிலும் கிடைக்கிறது.

இதை அடுத்த பொதுக்குழுவில் பேசலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். துணைக்குப் போகிறவர்கள் பட்டியலில் முதலில் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.