படகைத் தட்டிப் பார்ப்பவர்

ஆண்டிமடத்தில் 'சர்வேயர்' என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வருபவர். புலப்படத்தை விரித்து, சங்கிலி பிடித்து, முந்திரித் தோப்புக்கும் பக்கத்துக் கொல்லைக்கும் நடுவே கல் எங்கே இருந்தது என்று சொல்பவர். படகுக்கும் சர்வேயர் உண்டு, கொள்ளை விலை கொடுத்து வாங்கும் உல்லாசப் படகுக்குக்கூட அவர் 'நல்லது' என்று எழுதித் தந்தால்தான் பணம் கைமாறும் என்று சொன்னால் அங்கே சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆனால் அந்த மாவட்டத்தின் தென்னெல்லை கொள்ளிடம். ஆற்றைப் பரிசலில் கடப்பதற்கென்று துறைகள் இருந்த மண் அது. ஆண்டிமடத்திலிருந்து ஜெயங்கொண்டம் தாண்டிச் சற்றுத் தொலைவு போனால் கங்கைகொண்ட சோழபுரம். 1025இல் கடாரத்துக்குக் கப்பற்படை அனுப்பியவனின் தலைநகரம். படகின் உடல்நலம் நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று சொல்லிவிட முடியாது.

மேலைநாடுகளில் பழைய படகு ஒன்றை வாங்குபவர் விலையைப் பேசி முடித்ததும் ஒரு நிபந்தனை வைப்பார்: ஆய்வுக்கு உட்பட்டே இந்த விலை. பிறகு தன் செலவில் ஒரு சர்வேயரை அமர்த்துவார். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கரையில் நிறுத்துவார்கள். சர்வேயர் கையில் முதலில் இருப்பது ஒரு சிறு சுத்தியல். கண்ணாடியிழை உடலை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போவார். அடுக்குகள் ஒட்டியிருக்கும் இடத்தில் ஒலி கணீரென்று வரும். உள்ளே பிரிந்திருந்தால் மந்தமாக ஒலிக்கும். மரமானால் கூரிய ஊசியால் குத்தி உளுத்திருக்கிறதா என்று பார்ப்பார். எஃகானால் மீயொலிக் கருவியால் தகட்டின் கனத்தை அளப்பார். நீர்க்கோட்டுக்குக் கீழே உள்ள துளைகள், அவற்றின் அடைப்பான்கள், அடித்தண்டைப் பிணைக்கும் திருகாணிகள், மின்கம்பிகள், எரிவாயுக் குழாய்கள், கடைசியாக நீரில் ஓட்டிப் பார்த்தல். இத்தனைக்கும் பிறகு எழுதப்படும் அறிக்கை வாங்குபவருக்கே உரியது. படகு பழையதானால் காப்பீட்டு நிறுவனமும் அதைக் கேட்கும்.

இது முழுக்க அந்நியமான வழக்கமா என்றால், இல்லை. நம் ஊரில் மாடு பிடிக்கப் போகிறவர் தனியாகப் போனதில்லை. விவரம் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போவார். அவர் பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், வண்டியில் பூட்டிப் பார்ப்பார். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் தரகர் வேறு, இவர் வேறு. தரகருக்கு வியாபாரம் முடிந்தால் போதும். இவருக்கோ மாட்டை வாங்குகிறவரின் முகத்தில் நாளையும் விழிக்க வேண்டும். படகு சர்வேயர் செய்வதும் இதுதான்.

மரக்கலத்துக்கும் நம்மிடம் நூல்கள் இருந்தன. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950இல் பதிப்பித்த 'கப்பல் சாத்திரம்' கலம் கட்டுவதைப் பற்றிய தமிழ் நூல். எந்த மரம் ஆகும், எது ஆகாது என்பதை நிமித்தத்தோடு கலந்து சொல்லும் மரபு அது. இன்று படிப்பவர் நிமித்தத்தைப் பார்த்துவிட்டு மூடநம்பிக்கை என்று நூலை மூடி வைத்துவிடக்கூடும். சுழி பார்ப்பதும் அப்படித்தான் தோன்றும். ஆனால் நிமித்தம் பார்ப்பதற்காகவாவது ஒருவன் மரத்தின் அருகே போய்க் குனிந்து பார்த்திருக்கிறான் அல்லவா? நான் மதிப்பது அந்தக் குனிதலை.

நிற்க. இன்று நம்மிடம் படகு ஆய்வே இல்லை என்று சொல்ல வரவில்லை. இருக்கிறது, இரண்டு வகையில். ஒன்று அரசு ஆய்வு. 1917ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் முதல், அதன் இடத்தில் வந்த 2021ஆம் ஆண்டுச் சட்டம் வரை, இயந்திரத்தால் இயங்கும் கலத்துக்கு ஆய்வுச் சான்றிதழைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. இன்னொன்று காப்பீட்டு ஆய்வு. பெரும்பாலும் இழப்பு நேர்ந்த பிறகு வந்து தொகையைக் கணக்கிடுவது. முதலாமவர் அரசுக்காகப் பார்க்கிறார், இரண்டாமவர் நிறுவனத்துக்குச் சொல்கிறார். ஏறப்போகிறவனுக்காகப் பார்ப்பவர் எவருமில்லை.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 'ஜலகன்யகா' கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் இரண்டடுக்குப் படகு அது. நீரில் இறங்கி நெடுநாள் ஆகாத புதுப் படகு. புதியது என்பதாலேயே எவரும் தட்டிப் பார்க்க வேண்டியதில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காடு ஏரியில் மீன்பிடிப் படகில் உல்லாசமாகச் சென்ற 22 பேர் மூழ்கினார்கள். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டத்துத் தானூரில் மீண்டும் 22 பேர்; அவர்களில் 15 பேர் குழந்தைகள். மீன்பிடிப் படகொன்றைச் சுற்றுலாப் படகாக மாற்றி, அளவுக்கு மீறி ஆளேற்றியிருந்தார்கள். அடுத்த மாதமே, அந்தப் படகுக்கு அனுமதி கிடைக்க முறைகேடாக உதவியதாகக் குற்றஞ்சாட்டி அதிகாரிகள் இருவரைக் காவல்துறை கைது செய்தது. அவர்களில் சர்வேயர் ஒருவரும் உண்டு. வழக்கின் முடிவு எதுவாயினும் இருக்கட்டும். படகுக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்கப் பழகியிருக்கிறோம். அந்தச் சான்றிதழ் யாருக்காக எழுதப்பட்டது என்று கேட்கப் பழகவில்லை.

எனக்கு இதைவிட உறுத்தலான உதாரணம் ஆழிப்பேரலைக்குப் பிறகு வந்த படகுகள். கொள்ளிடம் கடலில் கலக்கும் பழையாறு தொடங்கித் தெற்கே நாகப்பட்டினம் வரை 2004 டிசம்பர் 26 எதையும் விட்டுவைக்கவில்லை. அதன்பின் தொண்டு நிறுவனங்களும் நல்ல மனிதர்களும் ஃபைபர் படகுகளை வாங்கிக் குவித்தார்கள். இலங்கையிலும் அதே கதை. அங்கே கொடுக்கப்பட்ட படகுகளில் தரமற்றவை கணிசம் என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் வெளிப்படையாகவே எச்சரித்தது. விசித்திரம் என்னவென்றால், வாங்கியவர் கடலுக்குப் போகப்போவதில்லை. கடலுக்குப் போகிறவர் வாங்கவில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நம் பழமொழியே வாயைக் கட்டிவிடுகிறது. அந்தக் கரையில் ஓடாவிகள் இருந்தார்கள். அணியம் எப்படி நிற்க வேண்டும், ஏரா எங்கே வலுவாயிருக்க வேண்டும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவர்கள். நன்கொடையாளர் ஒவ்வொருவரும் ஒரு படகின் விலையில் சிறு பங்கை அவர்களில் ஒருவருக்குக் கூலியாகக் கொடுத்து, 'ஐயா, பட்டறைக்கு வந்து தட்டிப் பாருங்கள்' என்று அழைத்திருக்கலாம்.

இலக்கியம் படிப்பவர்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். நல்லதொரு படகு ஆய்வறிக்கை நல்ல உரைநடை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். 18ஆம் நூற்றாண்டு லண்டனில் எட்வர்ட் லாயிடின் காப்பிக்கடையைச் சுற்றி உருவான கப்பல் பதிவேடு, கப்பலுடலின் தரத்தை ஆங்கில உயிரெழுத்துகள் ஐந்தில் ஒன்றாலேயே குறித்தது. ஒரே எழுத்தில் ஒரு கப்பலின் கதை. பின்வந்த அறிக்கைகள் நீண்டன, ஆனால் அடைமொழியற்ற அந்தக் கண்டிப்பு போகவில்லை. அவற்றில் என்னைக் கவர்ந்த பகுதி, சர்வேயர் தான் பார்க்காதவற்றைப் பட்டியலிடும் இடம். உட்பலகை மறைத்திருந்ததால் வங்குகளைக் காண இயலவில்லை; தொட்டி நிரம்பியிருந்ததால் அதன் அடிப்பாகம் சோதிக்கப்படவில்லை. இப்படி எழுத ஒரு துணிவு வேண்டும். நம் நூல் மதிப்புரைகளில் இதைக் காண்பது அரிது. 'எழுபதாம் பக்கத்துக்கு மேல் படிக்கவில்லை' என்று எவரும் எழுதுவதில்லை. படிக்காத நூலுக்கும் 'தவறவிடக் கூடாத' என்று சான்றிதழ் வழங்கிவிடுகிறோம். (நண்பர்கள் பொறுத்தருள்க.)

இத்தகைய அறிக்கை தமிழில் வேண்டும். சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஏரா, அணியம், வங்கு, கலப்பத்து என்று கடற்கரையில் உயிரோடு உலவும் சொற்கள் இருக்கின்றன. மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறி நிற்கும்போது மீன்வளத்துறை அவற்றை ஆண்டுதோறும் ஆய்வு செய்கிறது. பெரிதும் பதிவு, நீளம், இயந்திரத்தின் குதிரைத்திறன், பாதுகாப்புக் கருவிகள் ஆகியவையே அதில் பார்க்கப்படுகின்றன. அதே நாளில் ஓர் ஓடாவியும் உடன்வந்து, உடலைத் தட்டிப் பார்த்து, படகோட்டியும் படிக்கும்படி அரைப்பக்கம் எழுதிக் கொடுத்தால் என்ன?

2021ஆம் ஆண்டுச் சட்டம் இயந்திரமில்லாத கலங்களின் பதிவை உள்ளாட்சி அமைப்புகள் வரை கொண்டுசெல்ல இடமளிக்கிறது. அப்படியானால் கொள்ளிடக் கரையின் ஊராட்சி ஒன்றே தொடங்கலாம். பரிசலுக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. வெயிலில் கவிழ்த்துப் போட்டு, உள்ளே தலையை நுழைத்து, ஒளி ஊசியாகக் கசிகிறதா என்று பார்க்கக் கண் போதும். முடைசல் தளர்ந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கக் கை போதும். பார்த்தவர் பெயர், பார்த்த தேதி, எத்தனை பேர் ஏறலாம், எந்தப் பகுதியைப் பார்க்க முடியவில்லை: நான்கே வரிகள், துறையில் நிற்கும் மரத்தில் ஒரு பலகையில், பரிசலுக்குக் காத்திருப்பவர் படிக்கும் உயரத்தில்.