சுளுக்கு விழுந்த காலுக்கு ஒரு ஸ்டூல்

வேலூர் லாங் பஜார் பக்கம் போனால் கொஞ்சம் கீழே பாருங்கள். சரக்கை இல்லை, கடைப் பையன்களின் காலை. மேல் ரேக்கில் இருக்கும் பெட்டியை எடுக்க ஸ்டூலில் ஏறி இறங்கும்போது கணுக்கால் மடங்கிவிடும். சின்ன அடிதான். முதலாளி "நாலு அடி நட, சரியாயிடும்" என்பார். பக்கத்துக் கடைப் பெரியவர் "எண்ணெய் போட்டு நல்லா உருவி விடுப்பா" என்பார். மூணு மாசம் கழித்தும் பையன் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பான். "வேலைக்கு டபாய்க்கிறான்" என்று பேர் வேறு!

அவன் டபாய்க்கவில்லை. சுளுக்கு என்றால் எலும்புகளைக் கட்டி வைத்திருக்கும் தசைநார் இழுபடுவது அல்லது கிழிவது. லேசானதே ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். முதல் இரண்டு மூன்று நாள் ஓய்வு, ஐஸ், கிரேப் பேண்டேஜ், காலை உயர்த்தி வைப்பது. வீங்கிய காலை அழுத்தி உருவினால் வீக்கம்தான் கூடும். பிறகு வலி தாங்கும் அளவுக்கு நடை, ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சி. இதெல்லாம் இல்லாமல் விட்டால் கணுக்கால் தளர்ந்து மறுபடி மறுபடி மடங்கலாம்.

"டாக்டரே நடக்கத்தானே சொல்றார்?" என்று மடக்குவார்கள். நடக்கச் சொன்னார் சாமி, காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஒன்பது வரை நிற்கச் சொல்லவில்லை.

அந்த 'நாலு அடி'யில் ஒரு வேடிக்கை. 1992ல் கனடாவின் ஒட்டாவாவில் டாக்டர்கள் வகுத்த விதியிலும் நாலு அடி வருகிறது, ஆனால் மருந்தாக இல்லை, சோதனையாக. அடிபட்ட உடனேயும் சரி, டாக்டரிடம் போன பிறகும் சரி, நாலு அடி வைக்க முடியவில்லையா? கணுக்கால் மொட்டு எலும்பின் பின்பக்கத்தை அழுத்தினால் வலிக்கிறதா? எக்ஸ்ரே எடு. அவ்வளவுதான்.

இத்தனைக்கும் இது 1946ல் டாக்டர் பால் பிராண்ட் வந்து சேர்ந்த ஊர். தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழவில்லை, வலி தெரியாததால் புண்ணோடு நடந்து நடந்துதான் சிதைகின்றன என்று இங்கே வேலை செய்து காட்டியவர் அவர். வலிக்கிற கால் தானாக நொண்டும், நொண்டுவதால் புண் பிழைக்கும். (சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கும் இதே ஆபத்து. அவர்கள் வலியை நம்பி உட்காரக் கூடாது, வீக்கம் தெரிந்தாலே டாக்டரிடம் போக வேண்டும்.) வலியில்லாத கால்களுக்காக ஒருவர் அவ்வளவு பாடுபட்ட ஊரில், வலிக்கிறது என்று சொல்பவனை நம்ப ஆளில்லை. பக்கத்தில் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் வெளிநாட்டுக் கால்களுக்கு ஷூ தைக்கிறோம், கடைப் பையன் காலில் தேய்ந்த ஹவாய் செருப்பு!

சட்டம் இல்லாமலும் இல்லை. 2018ல் கேரளா செய்ததை 2021ல் தமிழ்நாடும் செய்தது. கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்து, ஊழியர்கள் எல்லோருக்கும் உட்கார வசதி வேண்டும் என்றது. 'அங்காடித் தெரு' வந்தது 2010ல். படம் பார்த்து உச்சுக் கொட்டியவர்கள், சட்டம் வந்த பிறகு தங்கள் கடையில் என்ன மாற்றினார்கள்?

காமர்ஸ் பாஷையில் சொன்னால், கடையின் ஃபர்னிச்சருக்கு வருஷா வருஷம் தேய்மானம் எழுதுகிறார்கள். நின்று நின்று தேய்கிற குதிகாலுக்கு எந்த லெட்ஜரிலும் பக்கம் கிடையாது. லீவு போட்டால் சம்பளம் கட், அதனால்தான் மூணாம் நாளே வந்து நிற்கிறான். நாலு பேர் வேலை செய்யும் கடைக்கு ஈ.எஸ்.ஐ.யும் பொதுவாக எட்டாது.

"கடையே குறுகல், சேர் போட எங்கே இடம்?" என்பது அடுத்த சாக்கு. அவன் ஏறி விழுந்த ஸ்டூல் இருக்கிறதே! அதைக் கல்லாப் பக்கம் போட்டு, ரெண்டு வாரம் உட்கார்ந்து பில் எழுதட்டும். முழுச் சம்பளத்தோடு.