சரக்கு வருமா, வராதா?

'சரக்கு' என்ற வார்த்தையைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்த வாசகர்கள் மன்னிக்க. இது வேறு சரக்கு. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல், நீங்களும் நானும் குறட்டை விடுகிற நேரத்தில், ஏரோப்ளேனில் ஏறிப் பறக்கிற சரக்கு. நீங்கள் ஆர்டர் பண்ணின சட்டை, பக்கத்து வீட்டு மாமியின் மிக்ஸி ஜார், யாரோ ஒருவருடைய பாஸ்போர்ட், எங்கோ ஓர் ஆஸ்பத்திரிக்குப் போகிற மருந்து. காலையில் காலிங் பெல் அடித்து, "சார், ஓ.டி.பி.!" என்று கேட்கிற பையன் வந்து சேருவதற்குள் பத்துப் பேர் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறார்கள். அந்தப் பத்துப் பேரைப் பற்றித்தான் இந்த வாரம்.

பத்தில் ஒருத்தன் என் சித்தப்பா பையன். சொந்த ஊர் பரளச்சி. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம். மழையைத் தவிர மற்றதெல்லாம் உண்டு. சீமைக்கருவேலம் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. சென்னை ஏர்போர்ட்டில் கார்கோ வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஊரில் அவனுக்கு 'ஏரோப்ளேன்காரன்' என்று பெயர். ஏரோப்ளேனில் அவன் ஒரு தடவைகூடப் பிரயாணம் செய்ததில்லை. மூட்டையை உள்ளே ஏற்றிவிட்டு இறங்கிவிடுவான். அதோடு சரி.

சில மாதம் முன்பு ஒரு நாள் போன் பண்ணினான்.

"அண்ணே, பெரிய பார்ட்டி ஒண்ணு வேற கம்பெனி ப்ளைட்டுக்குப் போகப் போறாகளாம். ஷிப்ட்டுல எல்லாரும் அதத்தான் பேசிக்கிறாக."

"யாருடா சொன்னது?"

"கேன்டீன்ல."

"மேனேஜர் என்ன சொல்றார்?"

"'ஒண்ணும் இல்ல, வேலையப் பாருங்கப்பா'ன்னாரு. அதுக்கப்புறந்தாண்ணே பயமா இருக்கு."

நியாயமான பயம். தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கின கடன் இன்னும் பாதி பாக்கி. இதில் அவனுக்கே பெண் பார்த்து முடிவாகி, ஆவணியில் முகூர்த்தம். 'மாப்பிள்ளை ஏர்போர்ட்' என்று பெண் வீட்டில் சொல்லியாகிவிட்டது. அவனுடைய உண்மையான கேள்வி கடைசியில் வந்தது: "பொண்ணு வீட்ல இத இப்பச் சொல்லணுமா, வேணாமாண்ணே?"

அவனுடைய நிலைமை கொஞ்சம் விசித்திரமானது. சம்பளம் தருவது காண்ட்ராக்டர். காண்ட்ராக்டருக்குப் பணம் தருவது ஒரு கிரவுண்ட் ஹாண்ட்லிங் கம்பெனி. அந்தக் கம்பெனியை நியமித்தது விமானக் கம்பெனி. விமானக் கம்பெனிக்குச் சோறு போடுவது அந்தப் பெரிய பார்ட்டி. எங்கள் தாலுகாவில், திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷி, 'உன்னையே நீ விசாரி' என்று உலகத்துக்குச் சொன்னார். சித்தப்பா பையனும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறான், 'நான் யாருடைய ஆள்?' என்று. பதில் கிடைக்கவில்லை.

*

சரக்கு விமானத் தொழிலில் ஓர் ஏற்பாடு உண்டு. விமானம், பைலட், மெக்கானிக், இன்ஷூரன்ஸ் எல்லாம் விமானக் கம்பெனியுடையது. பெட்ரோல் செலவும் சரக்கும் பார்ட்டியுடையது. நம் ஊரில் டிராக்டரை டிரைவரோடு வாடகைக்கு விட்டு, 'டீசல் உங்களது' என்பார்களே, அதேதான். இந்தியாவிலும் 2023 ஜனவரியில் அமேசான் தன் சரக்கு விமான சர்வீஸைத் தொடங்கியபோது, பறக்கும் வேலையைப் பெங்களூரின் க்விக்ஜெட் கம்பெனியிடம்தான் கொடுத்தது.

டிராக்டர்காரருக்கு ஊரில் நாலு சம்சாரிகள் இருந்தால் பிழைப்பு ஓடும். ஒரே ஒரு பண்ணையாரை நம்பி டிராக்டர் வாங்கினால்?

அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து வில்மிங்டன் அப்படித்தான் மாட்டிக்கொண்டது. பன்னிரண்டாயிரம் பேர் சொச்சம் வாழும் சின்ன ஊர். பழைய விமானப்படைத் தளம் ஒன்றை ஏர்போர்ன் என்கிற கூரியர் கம்பெனி 1980-ல் வாங்கிச் சரக்கு விமான நிலையமாக்கியது. 2003-ல் ஜெர்மன்காரர்களின் டி.ஹெச்.எல். அந்தக் கம்பெனியை வாங்கியது. சுற்று வட்டாரத்திலிருந்து சுமார் 8,000 பேருக்கு அங்கே வேலை. நடு ராத்திரியில் விமானங்கள் வரிசையாக இறங்கும். மூன்று நாலு மணி நேரத்தில் பார்சல்களைப் பிரித்து, விடிவதற்குள் மறுபடி ஏற்றி அனுப்ப வேண்டும். அப்பா, மகன், மருமகள் எல்லோரும் ஒரே ஷிப்ட்டில் என்கிற குடும்பங்கள் உண்டு.

அமெரிக்காவில் டி.ஹெச்.எல்.லுக்குப் பெரிய நஷ்டம். 2008 மே மாதம், 'எங்கள் பார்சலைச் சுமக்கும் வேலையைப் போட்டிக் கம்பெனியான யு.பி.எஸ்.ஸிடமே கொடுக்கப் போகிறோம்' என்று அறிவித்தது. 'கொடுக்கப் போகிறோம்'தான், 'கொடுத்துவிட்டோம்' இல்லை. அங்கேதான் வேதனை. ஜனாதிபதித் தேர்தல் வருஷம் வேறு. மெக்கெய்ன் நேரில் வந்தார். ஒபாமாவும் குரல் கொடுத்தார். ஆறு மாதம் ஊர் முழுக்க இருக்குமா, போகுமா என்றே பேச்சு. நவம்பர் 10-ம் தேதி பதில் வந்தது: அமெரிக்க உள்நாட்டு சர்வீஸே கிடையாது, 2009 ஜனவரி 30-ஓடு மூடல். வெளிநாட்டுச் சரக்கு மையமும் அந்த வருஷமே சின்சினாட்டி விமான நிலையத்துக்குப் போய்விட்டது.

அங்கே டி.ஹெச்.எல்.லுக்காகப் பறந்தவை இரண்டு கம்பெனிகள். ஆஸ்டார் ஏர் கார்கோ அந்த ஒரே பார்ட்டியை விடாமல் பிடித்துக்கொண்டு, 2012-ல் ஒப்பந்தம் போனதும் கடையைச் சாத்தியது. ஏ.பி.எக்ஸ். ஏர் கம்பெனியின் தாய் நிறுவனம் வேறு சில விமானக் கம்பெனிகளை வாங்கி, விமானத்தைப் பல பேருக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தது. 2016-ல் அமேசான் அவர்களிடம் இருபது போயிங் 767 கேட்டு வந்தது. ஒருத்தருக்குப் பூட்டு, ஒருத்தருக்குப் புது பார்ட்டி.

'அப்படியானால் பார்ட்டி போகாமல் பார்த்துக்கொண்டால் போதுமே' என்பீர்கள். அதுவும் நிச்சயமில்லை. அமெரிக்கத் தபால் துறை ஃபெடெக்ஸுக்கு இருபது வருஷத்துக்கு மேலான வாடிக்கையாளர். 2024 செப்டம்பரோடு அது கைமாறி யு.பி.எஸ்.ஸுக்குப் போனது. அங்கே கொண்டாட்டமா? 2025 ஜனவரியில் அதே யு.பி.எஸ்., தன் மிகப் பெரிய வாடிக்கையாளரான அமேசானின் சரக்கை 2026 நடுவுக்குள் பாதிக்கு மேல் குறைக்கப் போவதாகத் தானே சொன்னது. லாபம் போதவில்லையாம். ஏப்ரலில், அந்த வருஷம் சுமார் 20,000 வேலைகள் குறையும் என்று அடுத்த அறிவிப்பு.

ஆக, பெண் வீட்டார் வேண்டாம் என்றாலும், மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றாலும், பந்தல்காரனுக்குத்தான் கூலி இல்லை.

*

இதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர்க்காரனுக்கு ஓஹையோ தேவையில்லை. கரிமூட்டம் போதும். கருவேல விறகை அடுக்கி, மண் போட்டு மூடி, நாள்கணக்காகப் புகைய விட்டு, கரியை மூட்டை பிடித்து வைத்துவிட்டு வியாபாரியின் லாரிக்காகக் காத்திருக்க வேண்டும். லாரி வராவிட்டால் மளிகைக் கடைப் பாக்கி ஏறும். ஆனால் கரி கெட்டுப் போகாது. அடுத்த வாரம் வேறு லாரிக்கு விற்கலாம். விமானத்தில் அது முடியாது. இன்று ராத்திரி காலியாகப் பறந்த இடத்தை நாளைக்கு எவனுக்கும் விற்க முடியாது. அதனால்தான் பெரிய பார்ட்டி இருமினால் விமானக் கம்பெனிக்கு ஜுரம் வருகிறது.

சித்தப்பா பையனிடம் நான் சொன்னது இதுதான்: "சொல்லிடுடா. கல்யாணத்துக்கப்புறம் தெரிஞ்சா, வேலை போனது ஒரு பிரச்னை, மறைச்சது ரெண்டாவது பிரச்னை. முதலாவதுக்கு இன்னொரு வேலை கிடைக்கும். ரெண்டாவதுக்கு மருந்து கிடையாது."

சொன்னான். பெண்ணின் அப்பா நரிக்குடிப் பக்கம் மூட்டம் போடுகிறவர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டாராம்: "லாரி வராத மூட்டத்த நான் பாக்காததா மாப்ள? லாரி போனாப் போகட்டும். உங்க கையில தொழில் இருக்கா?"

இவனிடம் அபாயகரமான சரக்கைக் கையாளும் பயிற்சி சர்டிபிகேட் இருந்தது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தெரியும், ஆனால் அதற்குக் காகிதம் இல்லை. இப்போது லீவு நாளில் அந்தக் காகிதத்துக்காக அலைகிறான். முகூர்த்தத்தில் மாற்றமில்லை. பெரிய பார்ட்டி பற்றி இன்றுவரை கேன்டீன் மட்டும்தான் பேசிக்கொண்டிருக்கிறது.

சரக்கு, கூரியர், காண்ட்ராக்ட் என்று எந்தச் சங்கிலியில் தொங்கும் நண்பர்களானாலும் மூன்று விஷயம்.

ஒன்று: கேன்டீனையும் நம்பாதீர்கள், மேனேஜரையும் நம்பாதீர்கள். ஓவர்டைமைப் பாருங்கள். அது குறைய ஆரம்பித்தால் விசாரிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இரண்டு: சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், பி.எஃப். பாஸ்புக், பயிற்சி சர்டிபிகேட் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வீட்டு பீரோவில் இருக்கட்டும். சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். சிலருக்கு ஆச்சரியம் காத்திருக்கும்.

மூன்று: ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடிந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் தர வேண்டும். 1947 தொழில் தகராறு சட்டம் சொன்ன இந்தக் கணக்கை 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பும் வைத்திருக்கிறது. 'நீயே ராஜினாமா எழுதிக் கொடுத்துடுப்பா, நல்லபடியா செட்டில் பண்ணிடலாம்' என்று யாராவது அன்பாகப் பேனா நீட்டினால், பேனாவை மட்டும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் வேறு சரக்கு. இல்லை, அதுவும் நீங்கள் நினைக்கிற சரக்கு இல்லை.